பட்டியில் இடம் பிடித்தல்

காலி வீதி முகப்பில் ஒரு கடை கிடைத்தால் போதும், உள்ளே என்ன விற்பது என்பதைப் பிறகு ஆறுதலாக யோசிக்கலாம். வெள்ளவத்தையில் இருப்பவர்களுக்கு இதைச் சொல்லித்தரத் தேவையில்லை. பாமன்கடைப் பக்கம் பத்துப் பேர்ச் காணி வைத்திருப்பவர் காணிக்காரர். காலி வீதியைப் பார்த்தபடி எட்டடி அகலத்தில் ஒரு ஷட்டர் வைத்திருப்பவரோ முதலாளி. உள்ளொழுங்கையில் எத்தனை மாடி எழும்பினாலும், நூறாம் நம்பர் பஸ்ஸில் தொங்கிக்கொண்டு போகிறவன் கண்ணில் படுவது அந்த எட்டடிதான்.

கொம்பியூட்டர் திரையிலும் அப்படி ஒரு வீதி ஓடுகிறது. விண்டோஸ்காரர் அதை டாஸ்க்பார் என்பார்கள், ஆப்பிள்காரர் டொக் என்பார்கள், உபுண்டுக்காரர் லோஞ்சர் என்பார்கள். வசதிக்காகப் பட்டி என்று வைத்துக்கொள்வோம். 1366க்கு 768 புள்ளி கொண்ட சாதாரண லப்டொப்பில் விண்டோஸ் 10இன் பட்டி 40 புள்ளி உயரம். மொத்தக் காணியில் ஏறக்குறைய இருபதில் ஒரு பங்கு. அந்த ஒரு பங்குக்குத்தான் உலகத்துக் கம்பனிகள் எல்லாம் அடிபடுகின்றன. எந்த மென்பொருளை நிறுவினாலும் அது கேட்கிற முதல் கேள்வி, "என்னைப் பட்டியில் குத்திவைக்கட்டுமா?" சிலது கேட்பதுமில்லை, தானே வந்து குந்திவிடும். இலவசமென்று நாங்கள் கொண்டாடிய உபுண்டுவே 2012 ஒக்ரோபரில் வந்த 12.10 பதிப்பில் அமேசன் கடையின் ஐகொனைக் கொண்டுவந்து பட்டியில் நட்டுவிட்டது. அது போய்த் தொலைய 2020இன் 20.04 பதிப்பு வரவேண்டியிருந்தது. வாடகை கொடுக்காத குடியிருப்பாளரை எழுப்புவதற்குக் கொழும்பில் எடுக்கிற காலத்தோடு பார்த்தால் இது விரைவுதான்.

எனக்குக் கட்டுரை ஒன்று எழுதவேண்டுமென்றால் முதலில் பட்டியைத் திருத்தவேண்டும். முந்தியவர்கள் பேனாவுக்கு மை நிரப்பினார்கள், வெற்றிலை போட்டார்கள், கதிரையை ஜன்னல் பக்கம் திருப்பினார்கள். நான் ஐகொன்களை இடம் மாற்றுகிறேன். ஃபயர்பொக்ஸை இரண்டாவதாக வைப்பதா மூன்றாவதாக வைப்பதா என்பதில் ஒரு பின்னேரம் முழுவதையும் மிக நாகரிகமாகக் கழிக்கலாம். பிறகு ஐகொன்களின் நிறம் ஒன்றுக்கொன்று ஒத்துவரவில்லை என்று தெரியவரும். அதற்கொரு ஐகொன் தொகுதி இறக்கவேண்டும். இறக்கினால் பட்டியின் பின்னணி ஒத்துவராது.

"இண்டைக்கும் எழுதேல்லையோ?" என்று மனைவி கேட்பார்.

"எழுதத்தான் ஒழுங்குபடுத்திறன்."

"ஒழுங்குபடுத்த அறைக்குள்ளை ஒரு அலுமாரியும் கிடக்கு."

என் பட்டியைப் பார்க்கிறவர்கள் என்னைப் பற்றி மிக உயர்வாக நினைப்பார்கள். அதில் கணக்கு வைக்கும் மென்பொருள் இருக்கிறது. படம் திருத்தும் கிம்ப் இருக்கிறது. சிங்களம் படிக்கிற செயலி ஒன்று, வானத்து நட்சத்திரங்களைக் காட்டுகிற ஸ்டெல்லாரியம் ஒன்று. வெள்ளவத்தை வானத்தில் நட்சத்திரம் தெரிவதில்லை என்பது வேறு விஷயம். உண்மையில் நான் நாளாந்தம் பயன்படுத்துவது பிரவுசர் ஒன்று, அதற்குள்ளே பாமினி எழுத்துருவில் அடித்ததை யூனிகோடாக மாற்றும் பக்கம் ஒன்று. இலங்கையில் தமிழில் எழுதிப் பிழைக்கிற எவருக்கும் அந்தப் பக்கம் இல்லாமல் விடியாது. பத்திரிகைக்காரர் பாமினியில் கேட்பார், இணையத்துக்காரர் யூனிகோடில் கேட்பார், நடுவில் நின்று மாற்றிக்கொடுப்பதே தொழில். ஆனால் அதை நான் பட்டியில் வைத்ததில்லை. முகப்பில் வைக்கிற சாமானா அது?

பட்டி என்கிற இந்த வியாபாரத்தை வீட்டுக்கு வீடு கொண்டுவந்தது விண்டோஸ் 95. 1995 ஆகஸ்ட் 24ஆம் திகதி, ரோலிங் ஸ்டோன்ஸின் பாட்டை விளம்பரத்துக்குப் போட்டு, ஸ்டார்ட் பொத்தானோடு இறக்கினார்கள். அந்தப் பட்டியில் ஒரு விசேஷம், பிடித்து இழுத்தால் வரும். திரையின் நான்கு கரைகளில் எங்கே வேண்டுமானாலும் கொண்டுபோய் ஒட்டலாம். இந்தச் சுதந்திரத்தின் முழுப் பலனையும் அனுபவித்தவை காலி வீதியின் கொமினிகேசன் கடைகள்.

இளையவர்களுக்காகச் சொல்கிறேன். கொமினிகேசன் என்பது சுவிஸுக்கும் கனடாவுக்கும் கோல் எடுக்கிற, பெக்ஸ் அனுப்புகிற, அடையாள அட்டையைப் போட்டோக்கொப்பி எடுக்கிற இடம். பிற்காலத்தில் ஒரு மூலையில் பலகைத் தடுப்பு அடித்து இரண்டு மூன்று கொம்பியூட்டரும் போட்டிருப்பார்கள். பின்னேரம் ரியூசன் விட்டு வருகிற பெடியன்கள் விளையாடிவிட்டு எழும்பும்போது, பட்டி வலது கரையில் செங்குத்தாக நிற்கும். அடுத்து வந்து இருப்பவர் மகனுக்கு ஈமெயில் போட வந்த ஓய்வுபெற்ற உத்தியோகத்தராக இருப்பார். "தம்பி, இது சரிஞ்சு போச்சு" என்று அவர் கூப்பிட, கடைத்தம்பி வந்து ஒரே இழுவையில் கீழே கொண்டுவந்துவிடுவார். கூப்பிடக் கூச்சப்பட்ட ஒரு ஐயா, தலையைச் சரித்து வைத்துக்கொண்டே முழு ஈமெயிலையும் அடித்து முடித்ததை நான் கண்டிருக்கிறேன். 2001இல் விண்டோஸ் எக்ஸ்.பி. வந்தபோது பட்டியைப் பூட்டிவைக்கும் வசதியும் வந்தது. கடைத்தம்பிமாருக்குப் பாதி வேலை அன்றோடு போனது.

அதற்கு முன்னர், 1997இல் இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் 4 ஒரு குட்டிப் பட்டியைக் கொண்டுவந்து பெரிய பட்டிக்குள் செருகியது. குயிக் லோஞ்ச் என்று பெயர். அதிலே எல்லா ஜன்னல்களையும் ஒரே அமத்தலில் மறைத்து வெறும் திரையைக் காட்டுகிற ஐகொன் ஒன்று இருந்தது. வெள்ளவத்தையில் தடுப்புக்குப் பின்னாலிருந்து நெட் பார்க்கிற பெடியனுக்கு அதைவிடப் பெரிய கண்டுபிடிப்பு கிடையாது. ஏனென்றால் கடைக்குள் நுழைகிற எந்தப் பெரியவரும் ஏதோ ஒரு வழியில் சொந்தக்காரராகத்தான் இருப்பார். பதற்றத்தில் அந்த ஐகொனையே அழித்துவிட்டவர்களும் உண்டு. உலகம் பூராவும் இதே கதை நடந்ததால், நோட்பேட்டில் ஐந்து வரி எழுதி அதைத் திரும்ப உண்டாக்குவது எப்படி என்று மைக்ரோசொஃப்டே விளக்கம் வெளியிடவேண்டி வந்தது.

ஆப்பிள்காரரின் டொக்கைப் பற்றி நான் அதிகம் பேசப்போவதில்லை, எனக்கு வசதி இல்லை. 2000 ஜனவரியில் ஸ்டீவ் ஜொப்ஸ் அதை மேடையில் காட்டினார். அதன் பாட்டனார் அவருடைய நெக்ஸ்ட் கம்பனியின் கணனிகளில் எண்பதுகளின் கடைசியிலேயே இருந்தவர். மவுஸை மேலே கொண்டுபோனால் ஐகொன்கள் ஊதிப் பெருக்கும். கனடாவிலிருந்து விடுமுறைக்கு வந்த மச்சான் அதை எங்கள் வீட்டு மேசையில் வைத்து இப்படியும் அப்படியுமாக ஓட்டிக் காட்டியபோது பார்க்க வடிவாகத்தான் இருந்தது. ஒன்றையும் திறக்கவில்லை. ஆப்பிளில் ஆரம்ப காலத்தில் வேலை செய்த புரூஸ் டொக்னாசினி என்பவர் இந்த டொக்குக்கு எதிராக ஒன்பது குற்றச்சாட்டுகள் அடுக்கிக் கட்டுரையே எழுதினார். சொந்த வீட்டுக்காரரே அப்படிச் சொன்னபிறகு வாடகைக்கு இருப்பவன் சொல்ல என்ன இருக்கிறது?

என் பட்டி வாழ்க்கையில் பெரிய சண்டை உபுண்டுவோடுதான். அந்தக் காலத்தில் கேட்டால் சீடியைத் தபாலில் இலவசமாக வீட்டுக்கே அனுப்புவார்கள், முத்திரைச் செலவும் அவர்களுடையது. 2011 ஏப்ரலில் சீடி அனுப்புவதை நிறுத்தினார்கள். அதே மாதத்தில் யுனிட்டி என்ற புது முகத்தோடு 11.04 பதிப்பை விட்டார்கள். (பம்பலப்பிட்டியில் கொம்பியூட்டர்க் கடைகள் நிரம்பிய கட்டடத்துக்கும் யுனிட்டி பிளாசா என்றுதான் பெயர். அங்கே போய் யுனிட்டியில் பிரச்சினை என்றால் எத்தனையாம் மாடி என்று கேட்பார்கள்.) யுனிட்டியில் பட்டி இடது கரையில் நின்றது. நின்றது என்றால் நின்றதுதான், அசையாது.

காரணம் இல்லாமலில்லை. யுனிட்டி முதலில் நெட்புக் என்ற குட்டிக் கணனிகளுக்காகப் பிறந்தது. 1024க்கு 600 புள்ளித் திரையில் அகலம் தாராளம், உயரம் பஞ்சம், ஆகவே பட்டியைப் பக்கத்துக்குத் தள்ளுவது புத்தி. கரைக்கும் ஒரு விஞ்ஞானம் உண்டு. இலக்கு பெரிதாகவும் கிட்டவும் இருந்தால் கை விரைவாகப் போய்ச் சேரும் என்று போல் ஃபிட்ஸ் என்பவர் 1954இல் அளந்து சொன்னார். திரையின் கரையில் மவுஸ் முட்டி நின்றுவிடும், தாண்டிப் போகாது, அதனால் கரையிலுள்ள ஐகொன் எவ்வளவு சின்னதென்றாலும் கைக்குப் பெரிசு. எல்லாம் சரி. ஆனால் என்னுடைய திரையில் என்னுடைய பட்டியை எந்தக் கரையில் வைப்பதென்று நான் தீர்மானிக்கக்கூடாதா? இதை உலகத்தில் பலபேர் முறையாக எழுதிக் கேட்டார்கள். உபுண்டுவின் நிறுவனர் மார்க் ஷட்டில்வேர்த், பட்டி எப்போதும் இடதுபக்க மேல் மூலையிலுள்ள உபுண்டுப் பொத்தானுக்கு அருகில் இருக்கவேண்டும், அதுதான் எங்கள் வடிவமைப்பு, மாற்றமாட்டோம் என்று பதில் சொன்னார். ஐந்து வருடம் கழித்து, 2016 ஏப்ரலில், பட்டியைக் கீழே கொண்டுவர அனுமதி கிடைத்தது. அதற்கு வேலை செய்தது சீனாவின் உபுண்டு கைலின் குழு. காலிமுகத்திடலுக்குப் பக்கத்தில் கடலை நிரப்பித் துறைமுக நகரத்துக்கு நிலம் எடுத்ததும் சீனக் கம்பனி ஒன்றுதான். மறு வருடம், 2017 ஏப்ரலில், யுனிட்டியையே கைவிடுவதாக ஷட்டில்வேர்த் அறிவித்தார். கடையை இடம் மாற்ற அனுமதிக் கடிதம் கிடைத்த கையோடு கட்டடத்தை இடித்துவிட்டார்கள்.

என் பட்டியில் எனக்குப் பிடித்த ஒரு குணத்தையும் சொல்லவேண்டும், அதிலே எழுத்துக் கிடையாது. எல்லாம் படம். பஸ்ஸிலும் கந்தோரிலும் மும்மொழிப் பலகைகளில் தமிழுக்கு நேருகிற கதி எங்களுக்குத் தெரியும். 1987இல் அரசியலமைப்பின் பதின்மூன்றாம் திருத்தம் தமிழையும் அரச கரும மொழியாக்கியது. அந்தத் தமிழின் எழுத்துப்பிழையைத் திருத்த இன்னொரு திருத்தம் பாக்கி. இந்த நிலைமையில் தலைநகரில் தமிழ்ப் பிழை இல்லாத ஒரே பெயர்ப்பலகை என் லப்டொப்பின் பட்டிதான் என்று துணிந்து சொல்வேன்.

தமிழை நானே எழுதிய ஒரு பட்டியும் உண்டு. அது கொட்டாஞ்சேனையில் இருக்கிறது.

பெரியம்மா ஜம்பட்டா வீதிப் பக்கம் ஒரு மாடிவீட்டில் இருக்கிறார். மகள் ரொறன்ரோவில், மகன் லண்டனில், மூத்த பேத்தி சுவிஸில். ஸ்கைப்பில் கதைப்பதற்காக என் பழைய லப்டொப்பை உபுண்டு போட்டுக் கொடுத்தேன். முதல் நாளே பட்டியை மேலிருந்து கீழே பரிசீலித்தார்.

"உது என்ன தம்பி, அடியிலை?"

"குப்பைத்தொட்டி, பெரியம்மா."

"கன்னி மூலையிலையோ?"

யோசித்துப் பார்த்தால் அவர் சொன்னது சரி. திரையின் மேல்பக்கத்தை வடக்கென்று வைத்தால் இடது கீழ் மூலை தென்மேற்கு, கன்னி மூலை. பிள்ளையார் இருக்கவேண்டிய இடத்தில் யுனிட்டிக்காரர் குப்பைத்தொட்டி வைத்திருந்தார்கள். எடுக்கவும் விடமாட்டார்கள். யுனிட்டி உருப்படாமல் போனதற்குப் பெரியம்மாவுக்கு வேறு விளக்கம் தேவையில்லை. அன்றைக்கு முழுவதும் நாங்கள் உலகத்து இயங்குதளங்களுக்கெல்லாம் வாஸ்து பார்த்தோம். ஆப்பிள் டொக்கில் தொட்டி வலது ஓரம், தென்கிழக்கு, அக்கினி மூலை. "அது பரவாயில்லை, எரிச்சுப்போடலாம்." விண்டோஸில் திரையின் இடது மேல் மூலை, வாயு மூலை. "காத்துக்குப் பறந்து வீடெல்லாம் குப்பை." மிகப் புனிதமான ஈசானிய மூலையில் விண்டோஸ்காரர் எதை வைத்திருக்கிறார்கள் என்று கேட்டார். எல்லாவற்றையும் மூடுகிற பெருக்கல் அடையாளம் என்றேன். அதற்குமேல் அவர் ஒன்றும் கேட்கவில்லை.

பட்டியில் முதலில் பிள்ளையார் வரவேண்டும் என்றார். உபுண்டுவின் அடித்தளமான லினக்ஸில் இது பெரிய காரியமில்லை. ஒவ்வொரு ஐகொனுக்கும் பின்னால் ஒரு சின்ன எழுத்துக்கோப்பு இருக்கும். பெயர் ஒரு வரி, படம் எங்கே என்று ஒரு வரி, அழுத்தினால் எந்தக் கட்டளை ஓடவேண்டும் என்று ஒரு வரி. பெயரைத் தமிழுக்கெனத் தனியாகவும் எழுதலாம், மவுஸை மேலே வைத்தால் அந்தப் பெயர் வரும். நான் பெயரும் படமும் போட்டுவிட்டு மூன்றாவது வரியில் நின்றுவிட்டேன்.

"பிள்ளையாரை அமத்தினால் என்ன திறக்கவேணும், பெரியம்மா?"

"பிள்ளையாரை ஏன் அமத்திறாய்? கும்பிடு."

நல்லவேளையாக லினக்ஸில் ட்ரூ என்று ஒரு கட்டளை இருக்கிறது. ஒன்றையும் செய்யாது, செய்து முடித்தாயிற்று, எல்லாம் வெற்றி என்று மட்டும் அறிவிக்கும். எங்கள் நாட்டில் பல கந்தோர்களில் ஓடுவதும் இதுதான் என்பது என் அபிப்பிராயம். அதைப் பிள்ளையாருக்குப் போட்டேன். அப்போதும் ஒரு குறை இருந்தது.

"அந்த வட்டம் ஆர், பிள்ளையாருக்கு மேலை நிக்கிறது?"

"அது கம்பனிக்காரற்றை. அசைக்கேலாது."

"அவைக்கும் நேர்த்தி இருக்கும்" என்று விட்டுவிட்டார். ஷட்டில்வேர்த்துக்கு இவ்வளவு கண்ணியமாக யாரும் பதில் சொல்லியிருக்கமாட்டார்கள்.

அடுத்தது பிள்ளைகள். ஸ்கைப்புக்கு ஒருவருடைய பெயரை முன்கூட்டியே கொடுத்து நேராக அழைப்பு எடுக்கவைக்கலாம். ஆகவே ஒவ்வொருவருக்கும் ஓர் ஐகொன், அவரவர் முகமே படம். மகளின் முகத்தை அமத்தினால் ரொறன்ரோவில் மணி அடிக்கும். இதைவிடத் திறமான பட்டியை நான் எனக்குக்கூடச் செய்ததில்லை. அதைப் படம் எடுத்துக் குடும்பத்துக்கு அனுப்பியதுதான் தாமதம், ரொறன்ரோவிலிருந்து கோல் வந்தது. அண்ணாவின் முகம் ஏன் தனக்கு மேலே? அண்ணா மூத்தவர் என்றேன். மாதாமாதம் காசு அனுப்புவது யார் என்றார். லண்டனிலிருந்து வந்த கோலில், அவர் மனைவியின் முகம் ஏன் பட்டியிலேயே இல்லை என்று கேட்கப்பட்டது. அது அவருடைய கேள்வி அல்ல, பக்கத்தில் நின்றவருடையது. சுவிஸ் பேத்தி மாத்திரம் ஒன்றும் சொல்லவில்லை, தன் பழைய படத்தை மாற்றச் சொல்லிப் புதிது ஒன்று அனுப்பினாள். பெரியம்மா எல்லோரையும் கேட்டுவிட்டு, வயதுப்படி இருக்கட்டும் என்று தீர்ப்பளித்தார். மருமகளுக்கு இடம் கிடைத்தது, குப்பைத்தொட்டிக்கு முதல் வீடு.

2025 மே 5ஆம் திகதி ஸ்கைப்பை மூடிவிட்டார்கள். பெரியம்மா இப்போது பேத்தி அனுப்பிய போனில் வட்ஸ்அப்பில் கதைக்கிறார். லப்டொப்பில் யுனிட்டி எப்போதோ போய் வேறு பட்டி வந்து, குப்பைத்தொட்டியைக் கூட அமைப்புகளுக்குள் போய் ஒரேயடியாக மறைத்துவிட்டேன். முகங்களை அமத்தினால் ஒன்றும் நடக்காது. இனி எடுத்துவிடட்டுமா என்று கேட்டேன்.

"விடு தம்பி. ஆக்கள் நிக்கட்டும்."

இதற்கு நேர்மாறான பட்டி ஒன்றும் கொட்டாஞ்சேனையிலேயே இருக்கிறது. கல்யாணக் கார்டும் அந்தியேட்டிக் கல்வெட்டும் அடிக்கிற அச்சகம் ஒன்றின் அண்ணர், மைக்ரோசொஃப்ட் 2014 ஏப்ரலில் கைகழுவிவிட்ட எக்ஸ்.பி.யில் இன்னும் குடியிருக்கிறார். குயிக் லோஞ்சில் பேஜ்மேக்கர், ஃபோட்டோஷொப், கல்குலேற்றர். பேஜ்மேக்கரின் கடைசிப் பதிப்பு வந்தது 2001இல். என் பட்டியில் நட்சத்திரம் தெரிகிறது என்று பீற்றிக்கொண்டேன். "இதிலை எதை அமத்தினாலும் காசு வரும். உம்மடையிலை?" என்றார்.

2022 மார்ச் கடைசியில் நாளுக்குப் பதின்மூன்று மணித்தியாலம் மின்வெட்டு வந்தபோது அண்ணரின் கேள்விக்குப் பதில் கிடைத்தது. ஊரெல்லாம் வலயங்களாகப் பிரித்து ஆங்கில எழுத்துகளில் பெயர் வைத்திருந்தார்கள். சொந்த நட்சத்திரத்தை மறந்தவர்களும் தங்கள் வலய எழுத்தை மனப்பாடமாக வைத்திருந்த காலம். லப்டொப்பின் பற்றரி தாக்குப்பிடிக்கிற நேரத்துக்குள் அட்டவணையைப் பார்க்கவேண்டும், கட்டுரையை மாற்றி அனுப்பவேண்டும். கிம்பும் ஸ்டெல்லாரியமும் கணக்கு மென்பொருளும் ஆடாமல் அசையாமல் பட்டியில் வரிசையாக நின்றன. கரண்ட் போனதால் வெளியே நட்சத்திரம் கண்ணாலேயே தெரிந்தது.

ஆனாலும் அவற்றை நான் எடுக்கவில்லை, எடுக்கப்போவதுமில்லை. நிபுணர்கள் சொல்வார்கள், பாவிக்காததைக் கழற்று, பட்டி இலேசாக இருக்கட்டும் என்று. அவர்கள் காலி வீதியில் நடந்ததில்லை. முகப்பு என்றால் நாலு சாமான் தொங்கத்தான் வேண்டும். பெரியம்மாவுக்கு ஆட்கள், எனக்கு நான் படிக்கப்போகிற சிங்களம்.

மென்பொருள் செய்கிற தம்பி தங்கையருக்குத்தான் ஒரு விண்ணப்பம். உங்களில் கொஞ்சப்பேர் கொழும்பிலும் இருக்கிறீர்கள் என்பதால் தமிழிலேயே கேட்கிறேன். 2021 ஒக்ரோபரில் விண்டோஸ் 11 வந்தபோது பட்டியைக் கீழே ஆணியடித்துத்தான் அனுப்பினார்கள். இடது கரை, வலது கரை, மேல் கரை எல்லாம் போயிற்று. ஐகொன்களை நடுவில் கூட்டிவைத்து 48 புள்ளி உயரமும் ஆக்கினார்கள். நீங்கள் எதை வேண்டுமானாலும் அழகுபடுத்துங்கள், ஆனால் பட்டியைக் கையால் பிடித்து இழுத்து விரும்பிய கரையில் விட இடம் வையுங்கள். 1995இல் அது முடிந்தது.